மழையில் நனைந்த நகரம் கட்டிய கூரை
ரொறன்ரோவின் ‘ஸ்கைடோம்’ விளையாட்டரங்கு: வரலாறும் அமைப்பும் நாம் கற்க வேண்டிய கணக்கும்

கோடைகால மாலைகளில் மில்லிக்கன் புகையிரத நிலையத்தின் மேடையில் நிற்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வேலை முடிந்து வீடு திரும்புவோர் ஒரு புறமாக இறங்கிக்கொண்டிருக்க, மறுபுறம் நீலநிறச் சட்டையும் தொப்பியும் அணிந்த சிறுவர்களும் இளைஞர்களும் நகரத்தை நோக்கிப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் எமது பிள்ளைகளும் உளர். பிள்ளையின் கைப்பற்றி நிற்கும் தகப்பனிடம், “அப்பா, இண்டைக்குக் கூரை திறந்திருக்குமோ?” என்று பிள்ளை கேட்கின்றது. தகப்பன் வானத்தைப் பார்க்கின்றார். அவருக்கு அந்தக் கூரையைப் பற்றி அதிகம் தெரியாது. இரவு வேலைக்குப் போகும் வழியில் சி.என். கோபுரத்தின் காலடியில் வெண்ணிறக் குமிழாக அதைக் கண்டிருக்கிறார், அவ்வளவே.

ஸ்கைடோம் என்று பெயர் சூட்டப்பட்டு, 2005ஆம் ஆண்டு முதல் ரொஜர்ஸ் சென்ரர் என வழங்கும் அந்த விளையாட்டரங்கு எழுந்த காலமும், எம்மவர்கள் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த காலமும் ஒன்றே. அது எழுவதற்கு மக்கள் எழுப்பிய குரலும், அதற்குச் செலவான பொதுப் பணமும், பின்னர் அது கைமாறிய விதமும் எமக்குப் புறம்பான செய்திகள் அல்ல. ஆகவே, இந்தக் கட்டடத்தின் கதையை எமது வாசகர்களுக்குச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றோம்.

எல்லே ஆடியவர்களுக்கு எளிதான ஆட்டம்

பேஸ்போல் ஆட்டத்தை அறியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. இலங்கையில் எல்லே ஆடியவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் இது புதிய ஆட்டமன்று. பந்தை அடித்துவிட்டு ஒவ்வொரு தரிப்பிடமாக ஓடிச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்தை அடைந்தால் ஓர் ஓட்டம். எல்லைக்கு அப்பால் பார்வையாளர் மத்தியில் பந்து விழுமாறு அடித்தால் அது ‘ஹோம் றன்’. கிரிக்கெட்டில் ஆறு ஓட்டம் அடிப்பதற்கு ஒப்பானது.

ஆனால் மைதானத்தின் வடிவத்தில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கிரிக்கெட்டில் ஆட்டத்தின் நடு, மைதானத்தின் நடுவிலேயே இருக்கின்றது. எங்கிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சி. பேஸ்போலில் துடுப்பாட்டக்காரர் ஒரு மூலையில் நிற்கின்றார். அந்த மூலையிலிருந்து மைதானம் விசிறிபோல விரிகின்றது. ஆகவே, இருக்கைகள் யாவும் அந்த மூலையை நோக்கித் திரும்பியிருத்தல் வேண்டும். கனேடிய உதைபந்தாட்டமோ நீள்சதுர மைதானத்தில் ஆடப்படுவது. ஒன்றுக்கு ஏற்ற இருக்கை மற்றதற்கு ஏற்றதன்று. இந்தச் சிறிய முரண்பாடு ரொறன்ரோ நகரத்தை ஐம்பது ஆண்டுகளாகத் துரத்தி வந்தது என்பதைப் பின்னர் காண்போம்.

மழையில் பிறந்த கோரிக்கை

ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி தனது முதலாவது ஆட்டத்தை 1977 ஏப்ரல் 7ஆம் திகதி ஆடியது. ஒன்ராறியோ வாவிக் கரையில் இருந்த எக்ஸிபிஷன் ஸ்ரேடியம் என்னும் அரங்கில், சிக்காகோ வைற் சொக்ஸ் அணிக்கு எதிராக அது நடைபெற்றது. அன்று பனி கொட்டியது. மைதானத்தை மூடிய பனியை அகற்றுவதற்கு, பனிச்சறுக்கு ஹொக்கி அரங்கொன்றிலிருந்து இயந்திரம் இரவல் வாங்க வேண்டியதாயிற்று. ஆட்டத்தில் 9க்கு 5 என்று ரொறன்ரோ வென்றது என்றாலும், அரங்கின் குறை முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிட்டது.

அது உதைபந்தாட்டத்துக்கென அமைந்த அரங்கு. பேஸ்போலுக்காக அதை நீட்டி ஒட்டவைத்திருந்தார்கள். தொலைவிலிருந்த இருக்கைகளில் அமர்ந்தவர்கள் துடுப்பாட்டக்காரரைப் பார்ப்பதற்குக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வாவியிலிருந்து குளிர்காற்று வீசும், மூடுபனி இறங்கும். 1984 ஏப்ரல் 30ஆம் திகதி பெருங்காற்றுக் காரணமாகவே ஓர் ஆட்டம் சில பந்துகளுடன் கைவிடப்பட்டது. கடற்பறவைகளோ மைதானத்தைத் தம் சொந்த வீடாகக் கருதின. 1983 ஓகஸ்ட் 4ஆம் திகதி நியூயோர்க் அணியின் வீரர் டேவ் வின்ஃபீல்ட் எறிந்த பந்து பட்டுப் பறவையொன்று இறக்க, பொலிசார் மிருகவதைச் சட்டத்தின் கீழ் அவரைக் கைதுசெய்தனர். மறுநாளே குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அதே வின்ஃபீல்ட் ஒன்பது ஆண்டுகளின் பின்னர் ரொறன்ரோ அணியின் வீரராகி, இந்த நகரத்துக்கு வெற்றிக் கிண்ணம் தேடித்தந்த அடியை அடித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

யாவற்றுக்கும் முடிவு கட்டியது 1982 நவம்பர் 28ஆம் திகதி. கனேடிய உதைபந்தாட்டத்தின் இறுதியாட்டமான கிறே கப் அன்று அதே அரங்கில் நடைபெற்றது. ரொறன்ரோ ஆர்கோநட்ஸ் அணியும் எட்மன்டன் அணியும் மோதின. ஆட்டம் முழுவதும் அடைமழை. ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் தோய்ந்து நடுங்கினர். பலர் ஆட்டத்தை விட்டுவிட்டு உணவுக்கடைகளின் கீழும் கழிவறைகளிலும் ஒதுங்கினர். சொந்த அணியும் 32க்கு 16 என்று தோற்றது. மறுநாள் நகர மண்டபத்தின் முன் கூடிய மக்கள் அணியை வாழ்த்தியதோடு நிற்கவில்லை. “எமக்குக் கூரை வேண்டும்” என்று ஒரே குரலில் முழங்கினர். அந்த மழையை நேரிற் கண்டிருந்த ஒன்ராறியோ முதல்வர் பில் டேவிஸ், 1983 ஜூன் மாதத்தில் இதனை ஆராய மூவர் கொண்ட குழுவை நியமித்தார்.

இந்தத் திகதி எம்மைச் சற்று நிறுத்துகின்றது. 1983 ஜூன் முடிந்து ஜூலை பிறந்தது. கொழும்பிலும் தென்னிலங்கையிலும் எமது மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இருந்த கூரையை இழந்தவர்கள் கோவில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஒதுங்கினர். கப்பலேறி யாழ்ப்பாணம் போயினர். பின்னர் உலகெங்கும் சிதறினர். இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க நாம் வரவில்லை. ஆனால் மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டும் என்று மக்கள் கேட்டதும் அரசாங்கம் குழு அமைத்த ஒரு நாட்டுக்கு, கேட்பதற்கே உரிமை மறுக்கப்பட்ட மக்கள் வந்து சேர்ந்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைக் கூற எம்மால் இயலாது.

தண்டவாளங்களின் நடுவே

எங்கே கட்டுவது என்பதே முதற் கேள்வி. நகரத்துக்கு வெளியே பரந்த நிலத்தில் கட்டலாம் என்றனர் சிலர். நகர நடுவிலே வேண்டும் என்றனர் வேறு சிலர். இறுதியில் 1985இல் சி.என். கோபுரத்தின் அருகே இருந்த புகையிரத நிலம் தெரிவாயிற்று. ஒரு காலத்தில் ஃபுரன்ற் வீதி வரைக்கும் வாவியின் நீர் இருந்தது. அதற்குத் தெற்கே உள்ள நிலம் யாவும் மண் கொட்டி நிரப்பப்பட்டதே. அந்த நிலத்தில் தண்டவாளங்களும் பொதி ஏற்றும் மேடைகளும் இயந்திரக் கொட்டகைகளும் நிறைந்திருந்தன. அங்கிருந்த நீரேற்று நிலையம் ஒன்றையும் இடம் மாற்ற வேண்டியிருந்தது.

மில்லிக்கன் வாசிகளுக்கு இதிலே ஓர் அனுகூலம் உண்டு. மரம் வெட்டும் தொழில் செய்த நோமன் மில்லிக்கன் என்பவரின் பெயரைத் தாங்கிய எமது கிராமச் சந்தியூடாக 1871இலேயே தண்டவாளம் போடப்பட்டுவிட்டது. அதே பாதையில் 1982 செப்ரெம்பரில் ‘கோ’ புகையிரத சேவை ஆரம்பமானது. கிறே கப் மழைக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் நிகழ்ந்த சம்பவம் அது. இன்று மில்லிக்கனில் ஏறுபவர் அஜின்கோர்ட், கென்னடி கடந்து யூனியன் நிலையத்தில் இறங்கி, 1989இல் அமைக்கப்பட்ட மூடுநடைபாதை வழியே மேற்கு நோக்கி நடந்தால் அரங்கின் வாசலுக்கே போய்விடலாம். நகரத்து மழை அவர்மீது விழாது. அரங்கைப் புறநகரில் பெருந் தரிப்பிடங்களின் நடுவே வைக்காமல், புகையிரதம் வந்து சேரும் இடத்தில் வைத்தமை இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த முடிவு என்றே கூறுவோம். கார் வாங்க வசதியில்லாத புதுக்குடிகளுக்கும் அது எட்டும் தூரத்தில் இருக்கின்றது.

அரங்கின் வடிவத்துக்குப் போட்டி வைக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் றொட் றொபியும் பொறியியலாளர் மைக்கல் அலனும் சேர்ந்து அளித்த வரைபடம் தெரிவுசெய்யப்பட்டது. றொபி இங்கிலாந்தில் பிறந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். 1967இல் மொன்றியலில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் கனடா மண்டபத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர். 1986 ஒக்ரோபர் 3ஆம் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 1986 ஓகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டெடுத்தார்கள். கனேடியப் பத்திரிகைகள் தமிழர் என்ற சொல்லை முதற்பக்கத்தில் அச்சிட்ட காலம் அது.

கூரை எவ்வாறு அசைகின்றது?

கூரை போட்ட அரங்குகள் அதற்கு முன்னரும் இருந்தன. அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரில் 1965இலேயே முழுவதும் மூடிய அரங்கு திறக்கப்பட்டது. ஆனால் கோடைகாலத்தில் வானத்தைக் காணாமல் உள்ளே அடைந்து கிடப்பதற்குக் கனேடியர் ஒப்பவில்லை. ஆண்டின் பாதியைக் குளிரில் கழிப்பவர்களுக்கு வெயிலின் அருமை தெரியும். ஆகவே, வேண்டும்போது திறக்கவும் வேண்டும். மழை வந்தால் மூடவும் வேண்டும்.

இதற்கு மொன்றியல் நகரம் ஒரு வழியைக் காட்டியிருந்தது. அது தவிர்க்க வேண்டிய வழியாகவும் அமைந்தது. 1976 ஒலிம்பிக் விழாவுக்கென எழுந்த அரங்கில், சாய்ந்த கோபுரம் ஒன்றிலிருந்து கம்பிகளால் துணிக்கூரையைத் தூக்குவதாகத் திட்டம். விழா நடந்தபோது கோபுரமே முடியவில்லை. பத்தாண்டுகள் கழித்து வந்த கூரை, காற்றில் கிழிந்தது. அரங்கின் கடனை மக்கள் 2006 வரையில் செலுத்தித் தீர்த்தனர்.

றொபியும் அலனும் துணியை நம்பவில்லை, எஃகை நம்பினர். கூரையை நான்கு துண்டங்களாகப் பிரித்தனர். வடக்கு முனையில் உள்ள துண்டம் அசையாது. நடுவில் உள்ள இரண்டு வளைவுகளும் நேரான தண்டவாளங்களில் முன்பின்னாக ஓடும். தெற்கு முனையில் உள்ள கால்வட்டத் துண்டம், வட்டமான தண்டவாளத்தில் 180 பாகை சுழன்று வடக்கே வந்து நிலையான துண்டத்தோடு ஒன்றாகும். அதன் பின்னர் நடு வளைவுகள் இரண்டும் வடக்கே நகர்ந்து அவற்றின்மேல் அடுக்கிக்கொள்ளும். இறாலின் வாலை மடக்கும்போது ஓடுகள் ஒன்றன்கீழ் ஒன்று புகுந்துகொள்வதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். கூரை திறக்கும் விதமும் ஏறக்குறைய அவ்வாறானதே.

ஏறத்தாழ 10,000 தொன் எடையுள்ள இந்தக் கூரை, மின்மோட்டர்கள் இழுக்க, எஃகுச் சக்கரங்களில் ஊர்ந்து சுமார் 20 நிமிடங்களில் திறக்கின்றது. முழுவதும் திறந்தால் மைதானம் முழுவதும், இருக்கைகளில் பத்தில் ஒன்பது பங்கும் வானத்தின் கீழ் வரும். மூடியிருக்கும்போது மைதானத்திலிருந்து கூரையின் உச்சி 86 மீற்றர் உயரம். 31 மாடிக் கட்டடம் ஒன்றை உள்ளே நிறுத்தி வைக்கலாம். முழுவதும் இயந்திர வலுவினால் திறந்து மூடும் கூரை கொண்ட விளையாட்டரங்குகளில் உலகில் முதன்முதல் செம்மையாக இயங்கியது இதுவே. பின்னர் பீனிக்ஸ், சியாற்றில், ஹியூஸ்ரன், மில்வாக்கி ஆகிய நகரங்கள் அசையும் கூரைகளைக் கட்டின. பழைமை போற்றும் விம்பிள்டன் ரெனிஸ் அரங்கும் 2009இல் அசையும் கூரைக்கு மாறியது.

புகையிரத நிலத்தில் எழுந்த கட்டடத்தின் கூரையும் தண்டவாளத்திலேயே ஓடுகின்றது என்பது ஒரு பொருத்தம். கீழ்த்தட்டு இருக்கைகளும் தண்டவாளங்களில் நகர்ந்தன. பேஸ்போலுக்கு ஒரு விதமாகவும் உதைபந்தாட்டத்துக்கு வேறு விதமாகவும் அவற்றை மாற்றி அமைத்தனர். அரங்கோடு ஒட்டியதாக 348 அறைகள் கொண்ட விடுதி ஒன்றும் கட்டப்பட்டது. அவற்றில் 70 அறைகளின் சாளரங்கள் மைதானத்தை நோக்கியவை. வெளிச்சுவரிலே கலைஞர் மைக்கல் ஸ்னோ வடித்த பேருருவச் சிற்பங்கள் கூவியும் கைகாட்டியும் நிற்கும் இரசிகர்களைச் சித்திரிக்கின்றன. உள்ளே போகப் பணம் இல்லாதவரும் அவற்றைத் தெருவில் நின்றே இரசிக்கலாம்.

திறப்பு விழாவில் மீண்டும் மழை

1989 ஜூன் 3ஆம் திகதி திறப்பு விழா. நாடெங்கும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கக் கூரை மெல்ல விலகியது. வெளியே பெய்துகொண்டிருந்த மழை உள்ளே கொட்டியது. நனையாமல் இருப்பதற்கென்று கட்டிய அரங்கில், திறந்த நாளிலேயே விருந்தினர் நனைந்தனர். இரண்டு நாட்களின் பின்னர் நடைபெற்ற முதலாவது ஆட்டத்தில் புளூ ஜேஸ் அணி மில்வாக்கி அணியிடம் 5க்கு 3 என்று தோற்றது.

ஆனால் அதன்பின் வந்தவை பொற்காலம் எனத்தக்க ஆண்டுகள். 1991இல் ஓராண்டில் 40 இலட்சம் பார்வையாளரைக் கண்ட முதலாவது பேஸ்போல் அணி என்ற பெருமை ரொறன்ரோவுக்குக் கிடைத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அந்த எண்ணிக்கை குறையவில்லை. 1992 ஒக்ரோபர் 20ஆம் திகதி, உலகத் தொடர் எனப்படும் இறுதிச்சுற்று ஆட்டம் முதற்றடவையாக அமெரிக்காவுக்கு வெளியே, இந்த அரங்கில் நடைபெற்றது. அந்த ஆண்டு கிண்ணத்தை ரொறன்ரோ வென்றது. 1993 ஒக்ரோபர் 23ஆம் திகதி இரவு ஜோ காட்டர் என்னும் வீரர் கடைசி அடியாக அடித்த ஹோம் றன் இரண்டாவது தடவையும் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தது.

அந்த இரவுகளில் எம்மவர்கள் எங்கே இருந்தார்கள்? பலர் அரங்கைச் சுற்றியிருந்த உணவகங்களின் சமையற்கட்டுகளில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள். சிலர் வாகனத் தரிப்பிடங்களில் பற்றுச்சீட்டுக் கொடுத்தார்கள். சிலர் கூட்டம் கலைந்தபின் கூட்டித் துடைக்க வந்தார்கள். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத காலம். ஊரில் பெற்றோரையும் சகோதரரையும் விட்டுவந்த காலம். வெளியே பத்து இலட்சம் கார்கள் ஒலியெழுப்பியதுபோற் கேட்ட ஆரவாரத்தை, எதற்கென்று அறியாமலே செவிமடுத்தவர்கள் அவர்கள். நகரம் முழுவதும் மகிழ்ந்த அந்த இரவின் மறுநாட் காலையில் வேலையிடத்தில் முன்பின் அறியாத ஒருவர் கைகுலுக்கினார் என்றும், அதுவே இந்த நாட்டில் முதற் கைகுலுக்கல் என்றும் கூறுவோர் எம்மிடையே உளர்.

கணக்கு யாருடையது?

இனி, பலரும் பேசாத பக்கத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் இந்த அரங்குக்கு மதிப்பிடப்பட்ட செலவு 15 கோடி டொலர். ஒன்ராறியோ அரசாங்கம் 3 கோடியும் ரொறன்ரோ பெருநகர அரசு 3 கோடியும் தருவதாகவும், பெருநிறுவனங்கள் ஒவ்வொன்றும் 50 இலட்சம் தருவதாகவும் ஏற்பாடு. நிறுவனங்களுக்குக் கைமாறாகத் தனியறைகளும் விற்பனை உரிமைகளும் கிடைத்தன. இடைநடுவே விடுதியும் தேகப்பயிற்சிக் கூடமும் திட்டத்தில் ஏறின. ஏப்ரலில் முடிய வேண்டிய வேலை ஜூன் வரை இழுபட்டது. இறுதிக் கணக்கு ஏறத்தாழ 57 கோடி டொலர். மதிப்பீட்டைப் போல நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு.

மீதியைக் கடன் சுமந்தது. கடனை வட்டி வளர்த்தது. 40 இலட்சம் மக்கள் வந்தும் வட்டியைக் கட்ட முடியவில்லை. 1990இல் பதவிக்கு வந்த பொப் றேயின் அரசாங்கத்தின் தலையில் அச்சுமை இறங்கியது. 1994இல் எஞ்சிய கடனை மாகாணத் திறைசேரியிலிருந்து தீர்த்து, அரங்கைத் தனியாரிடம் 15 கோடியே 10 இலட்சம் டொலருக்கு விற்றார்கள். வாங்கியவர்களும் தாக்குப்பிடிக்கவில்லை, 1998இல் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரினர். மறு ஆண்டு வேறொரு கூட்டு, சுமார் 8 கோடிக்கு வாங்கியது. 2004இல், அணியின் உரிமையாளரான ரொஜர்ஸ் நிறுவனம் ஏறத்தாழ இரண்டரைக் கோடி டொலருக்கு அதை வாங்கியது. கட்டிய செலவில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மறு ஆண்டு பெயரும் மாறியது. ஆயிரக்கணக்கான மக்கள் போட்டியில் பங்குபற்றித் தெரிவுசெய்த ஸ்கைடோம் என்னும் பெயர் பலகையிலிருந்து இறங்கியது.

திறைசேரியின் பணம் யாருடையது? அந்த ஆண்டுகளில் ஒன்ராறியோவில் பொருட்களுக்கு நூற்றுக்கு எட்டு வீதம் மாகாண விற்பனை வரி. முதற் பனிக்காலத்தில் எம்மவர் ஒருவர் வாங்கிய குளிர்ச்சட்டைக்கும், இரண்டாங் கை அல்லாத முதற் சோபாவுக்கும் அந்த வரி கொடுத்தார். வாக்குரிமை கிடைக்குமுன்னரே வரி கொடுத்தார். ஆகவே, அந்த எஃகுக் கூரையின் ஓர் ஆணியாவது எமது பணத்தில் அறையப்பட்டது என்று சொல்வதில் தவறில்லை. “வெள்ளைக்காரரின்ரை விளையாட்டு, எங்களுக்கென்ன” என்று ஒதுங்கும் மூத்தவர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே: பங்கு கொடுத்தாகிவிட்டது, இனிப் பார்ப்பதற்குக் கூச்சம் எதற்கு?

இடிக்கவா, திருத்தவா?

1992இல் பால்ற்றிமோர் நகரில் செங்கல்லும் எஃகும் கொண்டு பழைய பாணியில், பேஸ்போலுக்கென்றே அளவாக ஓர் அரங்கு கட்டப்பட்டது. அதன்பின் நகரங்கள் யாவும் அந்த வழியைப் பின்பற்றின. மூன்றே ஆண்டுகளில் ஸ்கைடோம் பழைய காலத்துப் பொருளாயிற்று. எல்லா விளையாட்டுக்கும் பொதுவாகக் கட்டியது எதற்கும் முழுமையாகப் பொருந்தவில்லை என்ற குறை எழுந்தது. எக்ஸிபிஷன் ஸ்ரேடியத்தின் கழுத்துத் திருப்பும் நோய், குறைந்த அளவிலேனும், இங்கும் தொடர்ந்தது.

இருப்பினும் பொது அரங்கு என்பதற்கும் ஒரு பயன் உண்டு. 1998 செப்ரெம்பரில் நெல்சன் மண்டேலா இங்கே வந்தபோது நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிச் சிறார் கூடினர். அவர்களில் எமது பிள்ளைகளும் அடங்குவர். சிறையிலிருந்து மீண்ட அந்தப் பெரியவரின் முகத்தை நேரிற் கண்ட அன்றைய மாணவர்கள் இன்று பெற்றோராகியிருக்கின்றனர்.

கொவிட் நோய்க் காலத்தில் எல்லை மூடப்பட, அணியே நாட்டுக்கு வெளியே சென்று ஆட நேர்ந்தது. 2021 ஜூலை 30ஆம் திகதியே திரும்பி வந்தது. இடையில், 2020இன் பிற்பகுதியில், அரங்கை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் யோசனை பற்றிய செய்திகள் வெளியாயின. ஈற்றில் திருத்துவது என்றே முடிவாயிற்று. 2022 முதல் 2024 வரையில் ஏறத்தாழ 30 கோடி டொலர் செலவில், இம்முறை உரிமையாளரின் பணத்தில், உட்புறம் மாற்றியமைக்கப்பட்டது. உதைபந்தாட்ட அணி 2016இலேயே வேறு அரங்குக்குப் போய்விட்டது. ஆகவே, கீழ்த்தட்டு இருக்கைகள் யாவற்றையும் உடைத்தெடுத்து, துடுப்பாட்டக்காரர் நிற்கும் மூலையை நோக்கித் திருப்பிப் புதிதாக அமைத்தனர். சுமார் 50,000 இருக்கைகள் இருந்த இடத்தில் இப்பொழுது 40,000க்குச் சற்றுக் குறைவு. 1977இல் பனியில் தொடங்கிய இருக்கைப் பிரச்சினை 2024இல் முடிவுக்கு வந்தது எனலாம்.

2025 ஒக்ரோபரில், முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னர், உலகத் தொடர் இந்த அரங்குக்குத் திரும்பியது. நவம்பர் முதலாந் திகதி இரவு, ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தில், பதினொரு சுற்றுகள் வரை போராடி, லொஸ் ஏஞ்சல்ஸ் அணியிடம் 5க்கு 4 என்று ரொறன்ரோ தோற்றது. அன்றிரவு எமது வீடுகளில் அழுத பிள்ளைகள் பலர். 1993இல் ஆரவாரம் எதற்கென்று அறியாதிருந்த தகப்பன்மார், இம்முறை பிள்ளைகளோடு சேர்ந்து நித்திரை விழித்தார்கள். வென்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்பது வேறு கதை. ஆனால் தோல்விக்காகச் சேர்ந்து வருந்தும் உரிமையும் ஒரு வகைக் குடியுரிமைதான்.

எமது கூரைக்கு ஒரு பாடம்

இந்தக் கதையை இப்போது கூறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஸ்காபறோவின் வடகிழக்கே தமிழ்ச் சமூக மையம் ஒன்றை அமைக்கும் முயற்சியை வாசகர்கள் அறிவார்கள். 2021இல் மத்திய அரசாங்கமும் ஒன்ராறியோ அரசாங்கமும் அதற்கென 2 கோடியே 60 இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட நிதியை அறிவித்தன. எஞ்சியதை நாமே திரட்ட வேண்டும். எமக்கென ஒரு பொதுக் கூரை எழும் காலத்தில், நகரத்தின் பெரிய கூரை எமக்கு மூன்று பாடங்களைத் தருகின்றது.

முதலாவது, கேட்டால்தான் கிடைக்கும். மழையில் நனைந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் ஸ்கைடோம் இல்லை. இரண்டாவது, எதற்காகக் கட்டுகின்றோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் எல்லாமும் என்று தொடங்கினால் இருக்கை எந்தப் பக்கம் பார்ப்பது என்பதே தெரியாமல் போய்விடும். முதியோருக்கான கூடமா, இளைஞருக்கான விளையாட்டிடமா, நூலகமா, மண்டபமா. எது முதன்மை என்பதைத் திட்டத்தாளிலேயே தீர்க்க வேண்டும். மூன்றாவது, கணக்கு. நடுவழியில் ஏறும் ஒவ்வொரு விடுதியும் ஒவ்வொரு அலங்காரமும் கடனாக இறங்கும். கடன் முற்றினால், கட்டியவர் கையிலிருந்து கட்டடம் போய்விடும்; பெயர்கூட எஞ்சாது.

எம்மவர்களுக்குக் கொடுக்கத் தெரியும். கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஊருக்கும் குறைவின்றிக் கொடுத்த கைகள் இவை. கேட்கத்தான் சற்றுத் தயங்குகின்றோம். கொடுத்தவர் கணக்குக் கேட்பது அவமதிப்பன்று. அது கட்டடத்தின் அத்திவாரம்.

அடுத்த கோடையில் ஒரு மாலை, பிள்ளைகளோடு மில்லிக்கனில் புகையிரதம் ஏறுங்கள். மேற்தட்டில் மலிவான இருக்கை போதும். அங்கிருந்துதான் கூரை நன்றாகத் தெரியும். இருபது நிமிடங்கள் அது விலகும் வேளையில், 1982இன் மழையையும் 1986இன் படகுகளையும் 1994இன் கடனையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஆட்டத்தின் விதிகளைப் பிள்ளை உங்களுக்குச் சொல்லித்தரும்.